முதுகு ஆபரேஷனில் என் ஸ்டீராய்டை மறந்துவிட்டார்கள்

நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முதுகு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த ஓர் இடத்துக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு நடந்தது எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம்.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். ஏழு வருடமாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 40 மி.கி.யில் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைத்து, கடைசி நான்கு வருடம் தினமும் 10 மி.கி. அந்த மாத்திரை இல்லையென்றால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அதனால் மருந்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நழுவி நரம்பை அழுத்தியது. பத்து நிமிடம் நடந்தால் இடது கால் மரத்துப்போகும். ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் இணைக்க வேண்டும் என்றார் சர்ஜன். ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார். அட்மிஷன் அன்று நர்ஸ் மாத்திரைகளை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார். மயக்க மருந்து டாக்டர் வந்து அலர்ஜி உண்டா, ஆடும் பல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். பட்டியலைப் பார்த்தாரா என்று தெரியாது. மறுநாள் காலை மாத்திரையைக் கேட்டபோது, "வெறும் வயிற்றில்தான் இருக்கணும், எதுவும் கிடையாது" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நான் செய்த தவறு அதுதான்.

அது ஏன் அவ்வளவு பெரிய தவறு என்று சொல்கிறேன். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடலுக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். தினமும் 5 மி.கி. பிரெட்னிசலோனை நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டாலே இது நடக்கலாம். ஆபரேஷன், காய்ச்சல், விபத்து போன்ற நேரங்களில் ஆரோக்கியமான உடம்பு கார்ட்டிசாலைப் பல மடங்கு சுரந்து சமாளிக்கும். நம் உடம்பால் அது முடியாது. மாத்திரையும் நின்று ஆபரேஷனும் நடந்தால், கைப்பிடி இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையிலிருந்து வாந்தி. வயிற்றைப் பிசைகிற வலி. பிரஷர் 80-க்கு இறங்கியது. சலைன் பாட்டில் மாற்றி மாற்றி ஏற்றினார்கள், ஏறவே இல்லை. வலி மருந்தால் வரும் குமட்டல்தான் என்றார்கள். மாலையில் அக்காவிடமே "நீங்க யாரு?" என்று கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அக்கா வராண்டாவுக்குப் போய் என் லூபஸைப் பார்க்கும் வாதநோய் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டீராய்டு ஊசி போட்டாங்களா?" அக்கா கேஸ் ஷீட்டைப் பார்க்கக் கேட்டாள், தர மறுத்தார்கள், அவள் நகரவில்லை. கடைசியில் பார்த்தால் கடந்த இரண்டு நாளில் ஒரு வேளைகூட இல்லை. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 100 மி.கி. ரத்தக்குழாய் வழியாகப் போட்ட சில மணி நேரத்தில் பிரஷர் ஏறியது. இரவில் அக்காவை அடையாளம் கண்டேன்.

விளக்கம் கேட்டபோது ஜூனியர் டாக்டர் ஒருவர், "ஸ்டீராய்டு இருந்தா புண் ஆறாது, இன்ஃபெக்‌ஷன் வரும், நின்னது நல்லதுதானே" என்றார். இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஸ்டீராய்டால் புண் ஆறுவது தாமதமாகும் என்பது உண்மை. அதற்கு வழி, அவகாசம் இருந்தால், ஆபரேஷனுக்கு மாதங்கள் முன்பே நோயைப் பார்க்கும் டாக்டரோடு பேசி டோஸை மெதுவாகக் குறைப்பது. அன்று காலையில் சட்டென்று நிறுத்துவது வழியே இல்லை. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரிய ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கும்போதே 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், அப்புறம் 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. டிரிப்ஸ் என்று சொல்கிறது. அவ்வளவு கூடுதல் எல்லோருக்கும் தேவையில்லை என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. ஆனால் அன்றாட டோஸையே விட்டுவிடலாம் என்று எந்தத் தரப்பும் சொல்வதில்லை.

இதோடு முடியவில்லை. நான்கு மாதம் கழித்து வலி திரும்பியது. ஸ்கேனில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அப்போதுதான், ஏழு வருடத்தில் முதல் முறையாக, எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். இடுப்பு மூட்டு எலும்பில் டி-ஸ்கோர் என்ற அடர்த்தி அளவு மைனஸ் 3.1 வந்தது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முதுகின் மேல்பகுதியில் ஒரு முள்ளெலும்பு முன்பே நசுங்கியிருக்கிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் உயரம் மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்ததைக் கூன் விழுகிறது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டால் எலும்பு கரைவது முதல் ஆறு மாதத்தில்தான் மிக வேகமாக இருக்கும். முதுகெலும்பின் உள்பகுதி பஞ்சு போன்றது என்பதால் அடி முதலில் அங்கேதான் விழும், பல நேரம் வலியே தெரியாமல். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தொடரும் என்று தெரிந்தவுடனே எலும்பைப் பற்றிப் பேச வேண்டும்: கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்து. முதுகில் தேய்மானம் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். தேய்ந்த இடத்தில் புதிதாக எலும்பு முளைப்பதால் முதுகின் அடர்த்தி பொய்யாகக் கூடிக் காட்டும். இடுப்பு மூட்டு எலும்பின் அளவையும் கேளுங்கள். என் முதுகின் அளவு மட்டும் பார்த்திருந்தால் "பரவாயில்லை" என்றே அனுப்பியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், முதுகில் போடும் வலி ஊசி. அதிலும் ஸ்டீராய்டுதான் இருக்கிறது. எனக்கு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று போட்டார்கள். ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் இடைவெளி குறைந்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் சரியாகக் காட்டாது. காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். "ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடிய சிக்கல்தான்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கேஸ் ஷீட் நகலை வாங்கி வைத்திருப்பதால் இந்தப் புகாரை நான் கைவிடப் போவதில்லை.

மறு ஆபரேஷனை வேறு இடத்தில் செய்துகொண்டேன். அதற்கு முன் பல மாதம் எலும்பை வலுப்படுத்த டெரிபாராடைட் ஊசி தினமும் போட்டார்கள். இந்த முறை வாதநோய் டாக்டரிடம் ஒரு தாள் எழுதி வாங்கினேன்: என்ன ஸ்டீராய்டு, எவ்வளவு, எத்தனை வருடமாக, ஆபரேஷன் அன்று எப்போது எந்த ஊசி, பிறகு எத்தனை நாள் இரட்டை டோஸ், பிரஷர் இறங்கினால் முதலில் என்ன. ஒன்றை மயக்க மருந்து டாக்டர் கையில் நேராகக் கொடுத்தேன். ஒன்று கேஸ் ஷீட்டில். ஒன்று அக்காவிடம். அந்த டாக்டர் முழுதாகப் படித்துவிட்டு, யார் எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில் இருந்த எனக்கு, நர்ஸ் ஒரு வாய்த் தண்ணீரும் என் 10 மி.கி. மாத்திரையும் கொண்டுவந்தார். நான் கேட்காமலே.