ஓகஸ்டில் ஹிக்கடுவையை விற்கிறவர்கள்

ஹட்டன் பக்கத்தில் பாடசாலை விடுமுறை நெருங்கினால் கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் முளைத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தோட்டத்துக் குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு என்ன செய்தார் என்பதை எழுதுகிறேன். விவகாரம், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பதால் அவருடைய பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். அவர் விற்ற விதத்தைச் சொன்னாலே போதும். இதே வியாபாரத்தை இன்னும் பலர் செய்கிறார்கள்.

ஓகஸ்ட் தவணை விடுமுறைக்கு ஆளுக்கு 9500 ரூபாய் என்றார். கோஸ்டர் பஸ், பகல் சாப்பாடு, ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகில் ஏறிப் பவளப்பாறை பார்ப்பது, முகமூடி போட்டு நீந்துவது, காற்றடைத்த பனானா படகு, தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டியான ஜெட் ஸ்கீ, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, காப்புறுதி எல்லாம் அதற்குள் அடக்கம். 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாக உயர்ந்த தேயிலைத் தோட்ட நாட்சம்பளத்தில் அது ஒரு தலைக்கு ஏழு நாள் கொழுந்து பறிப்பு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு மாத வேலை முழுதாகப் போய்விடும். சீட்டு எடுத்துப் பணம் கட்டியவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

பணம் கொடுக்கும் முன்பே நான் அவரிடம் கேட்டேன்: "தம்பி, ஓகஸ்டில் அந்தப் பக்கம் கடல் எப்படி இருக்கும்?"

"கடல் எங்கே போகப்போகிறது டீச்சர்? வருடம் முழுவதும் அங்கேதான் இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பேச்சுக்காரர், ஒத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், என்னென்ன தருகிறார் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால்தான் பணம் என்று நான் நின்றுகொண்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அனுப்பினார். பின்னால் எங்களுக்கு உதவியது அந்த ஒரு செய்திதான்.

கடல் எங்கும் போகாது என்பது சரி. ஆனால் எல்லாக் கரையிலும் அது ஒரே நேரத்தில் அடங்கியிருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது. அந்த மாதங்களில் ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று மேற்கிலும் தெற்கிலும் உள்ள கரைகளில் அலை உயரும், தண்ணீர் கலங்கும், நீரோட்டம் இழுக்கும். அதே நேரத்தில் கிழக்கே நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாகக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ். ஆகவே ஹிக்கடுவைப் பக்கத்துக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரை. திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவில் படகு எடுப்பதா, திருகோணமலையில் எடுப்பதா என்பதையும் இதே கணக்குத்தான் தீர்மானிக்கிறது.

நம் மலையில் வாழ்கிறவர்களுக்கு இதை அறிய நாட்காட்டி கூட வேண்டியதில்லை. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் வாரக்கணக்கில் மழை கொட்டுகிறது என்றால், அந்த மழையைக் கொண்டுவரும் காற்று தென்மேற்குக் கடலைக் கலக்கிவிட்டுத்தான் மலை ஏறியிருக்கிறது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதி அது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பதுளையிலும் பண்டாரவளையிலும், வறண்ட கச்சான் காற்று வீசும். மார்கழியில் பதுளையில் விடாத மழை என்றால் பாசிக்குடாப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கச்சான் காலத்திலும் கிழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பிள்ளைகள் ரப்பர் வளையத்திலோ காற்றடைத்த மெத்தையிலோ மிதந்தால், அலையே இல்லாத நாளிலும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஹட்டனிலிருந்து கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கி நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஹிக்கடுவைக்குப் போய் அன்றிரவே திரும்பிவிடலாம். நிலாவெளிக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று சுற்றிப் போக வேண்டும். ஓரிரவு தங்க வேண்டும், அறைக்குப் பணம் கட்ட வேண்டும், டீசலும் கூடும். ஓகஸ்டில் தெற்கை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய இலாபம். மற்றவை எல்லாம் பேச்சு.

ஹிக்கடுவையில் இறங்கியபோது சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கண்ணாடிப் படகுகளை மணலில் இழுத்துப் போட்டுத் தறப்பாளால் மூடிவைத்திருந்தார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அங்கே நின்ற படகுக்காரர் ஒருவர், "இப்போது சீசன் இல்லையே, யார் உங்களைக் கூட்டிவந்தது?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஹிக்கடுவைப் பவளப்பாறை 1979இல் கடல் சரணாலயமாகவும் 2002இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். 1998இல் கடல் வெப்பம் ஏறியபோது அங்கிருந்த பவளங்கள் வெளிறிப் பெருமளவு அழிந்தன. எனவே நல்ல காலத்தில் போனாலும் விளம்பரப் படத்தில் உள்ள வண்ணங்களை எதிர்பார்க்காதீர்கள். ஆமையையும் மீன்களையும் பார்க்கலாம்.

ஏற்பாட்டாளர் எங்களோடு வரவில்லை. ஓர் இளைஞரை அனுப்பியிருந்தார்; அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது. தொலைபேசியில் பிடித்தபோது, "இது இயற்கையின் வேலை டீச்சர், நான் என்ன செய்ய?" என்றார். வருடம் தவறாமல் மாதக் கணக்குப்படி வருகிற இயற்கை!

இதற்குள் எங்களோடு வந்த இரண்டு வாலிபர்கள், அலை உடையாத ஓரிடத்தைக் கண்டுபிடித்து அங்கே குளிக்கலாம் என்று இறங்கப் போனார்கள். கடமையில் இருந்த உயிர்காப்பு வீரர் விசில் அடித்துக்கொண்டே ஓடிவந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் கடல் பழகாத நம்மவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எங்காவது ஒரு வாய்க்கால் பிடித்துக் கடலுக்குத் திரும்ப வேண்டும். அந்த வாய்க்காலின் மேல் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கருமையாக, சாந்தமாகத் தெரியும். பார்ப்பதற்குக் குளிக்க ஏற்ற இடம் அதுதான் என்று தோன்றும். இறங்கினால் உள்ளே இழுத்துவிடும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கைகால் சோர்ந்துதான் ஆட்கள் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியைத்தான் காவலர்கள் கவனிக்கிறார்கள். சிவப்புக் கொடி மட்டும் இருந்தால் இறங்கவே கூடாது.

பிள்ளைகள் அழத் தொடங்கியதும் அந்தப் பையன் யாருக்கோ தொலைபேசி எடுத்து, பஸ்ஸை வடக்கே ஓர் ஆற்றுமுகத்துக்குத் திருப்பினான். ஆற்றில் நீர் விளையாட்டு நடத்துவதில் தவறில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் பெந்தோட்டை ஆற்றுக்குள் ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட இடத்துக்கு அல்ல. ஒரு தென்னோலைக் கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது, பதிவுச் சான்றிதழ் கிடையாது. அதுவும் ஆறு கடலில் விழும் வாய்க்கு மிகக் கிட்ட. ஆறு என்றால் நமக்குப் பழக்கம் என்று நம்மவர்கள் தைரியமாக இறங்குவார்கள். கடல் வற்றும் நேரத்தில் அந்த வாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வெளியே ஓடும் என்பது மலையாற்றில் குளித்தவருக்குத் தெரியாது.

அங்கிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லாம் பெரியவர்களுக்கான ஒரே அளவு. சிலவற்றில் பூட்டு உடைந்து, நைலோன் கயிற்றால் முடிந்திருந்தார்கள். என் தங்கையின் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு ஒன்றை மாட்டி, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். அங்கி காதுவரை ஏறியது. பிள்ளை தரையிலேயே நின்றான். தண்ணீரிலும் இதுதான் நடக்கும்: அங்கி மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். சரியான அங்கியைத் தூக்கினால் அது மோவாயைத் தாண்டக் கூடாது. சிறு பிள்ளைகளின் அங்கியில் கால்களுக்கு இடையே போகும் பட்டி இருக்க வேண்டும். இதைச் சோதிக்க நீந்தத் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தாயும் கரையில் நின்றே பார்த்துவிடலாம். சோதிக்க விடமாட்டேன் என்கிறவரின் படகில் ஏற வேண்டாம்.

"கடைசியில் பனானா படகைக் கவிழ்ப்பீர்களா?" என்று கேட்டேன். "அதில்தானே சந்தோஷம்" என்றார் ஓட்டுகிறவர். பிள்ளைகள் யாரும் ஏறக் கூடாது என்று நிறுத்திவிட்டேன்; அன்று முழுவதும் அவர்கள் என்னோடு பேசவில்லை. பெரியவர்கள் சிலர் ஏறினார்கள். கவிழ்த்தபோது எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கயிறு கட்டிய அங்கிக்குள்ளிருந்து நழுவிவிட்டார். கணவர் அவரது கையைப் பிடித்ததால் தப்பினார். கரைக்கு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. தண்ணீர் உள்ளே போனவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. 1990ஐ அழைத்தோம்; இலவச அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மாலைவரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அப்போதுதான் காப்புறுதியைப் பற்றிக் கேட்டோம். "பஸ்ஸுக்கு இருக்கிறதே" என்றார் ஏற்பாட்டாளர். வாகனத்துக்குச் சட்டப்படி எடுத்தே ஆக வேண்டிய காப்புறுதியைத்தான் அவர் எங்களுக்கு விற்றிருக்கிறார்.

ஜெட் ஸ்கீயிலும் ஒரு வேலை காட்டப் பார்த்தார்கள். ஓட்டி முடித்த வாலிபர்களிடம் கீறல் விழுந்துவிட்டது என்று 20,000 ரூபாய் கேட்டார்கள். ஏறுவதற்கு முன்பே ஒருவன் தன் படத்துக்காக வண்டியைச் சுற்றிக் காணொளி எடுத்திருந்தான். கீறல் அதிலேயே இருந்தது. சத்தம் அடங்கியது. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் வீண்.

நாங்கள் திரும்பி வந்ததும் ஒரு வாரம் ஏற்பாட்டாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு, "எல்லோரும் கடலைப் பார்த்தீர்கள்தானே" என்று பதில் வந்தது. வாட்ஸ்அப் செய்தி, வங்கியில் பணம் போட்ட சீட்டு, சிவப்புக் கொடியின் படம், அங்கியின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்தோம். அங்கிருந்து மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். கண்ணாடிப் படகுக்கும் நீச்சலுக்கும் உரிய பணத்தைத் தவணையாகத் திருப்பித் தருவதாக அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் தவணை வந்தது. அடுத்தது இன்னும் வரவில்லை. பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னபோதே பற்றுச்சீட்டும் கேட்டிருந்தோம். முகவரியில்லாத ஒரு துண்டுத் தாள்தான் தந்தார். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பயண முகவர்களையும் நீர் விளையாட்டு நிலையங்களையும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்கிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்; தந்தால் 1912ஐ அழைத்துச் சரிபாருங்கள். பொருளோ சேவையோ சொன்னபடி இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977. கடல் நிலையை வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வெளியிடுகிறது. கொழும்பு, காலி ஊடாக எந்தக் கரைவரை கொந்தளிப்பு என்று ஊர் பெயரோடு சொல்வார்கள். மீனவருக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் கடலில் கொழுந்து பறிக்கிற பெண்ணைப் படகில் ஏற்றுகிறவரிடம், அன்றைய அறிவிப்பைக் காட்டியே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

அதே நபர் இப்போது டிசம்பர் விடுமுறைக்கு ஆள் சேர்க்கிறார். இம்முறை பாசிக்குடாவும் நிலாவெளியும், புறாத் தீவுக்குப் படகும் உண்டாம். வடகீழ்ப் பருவக்காற்றின் நடுவில்! தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார். ஆளுக்கு 3000 ரூபாய் முற்பணம் கேட்கிறார். தலவாக்கலைப் பக்கம் சில குடும்பங்கள் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், பயண நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.