இரண்டு சுற்றா, அரைச் சுற்றா, இல்லை பழைய டேப்பெட்டே தேவலையா?

ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸின் 2 லிட்டர் ஏர் கூல்டு என்ஜினுக்கு அமெரிக்காவில் 1978 மாடலில் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்தது, அதாவது வால்வைத் திறக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே வரும் இடைவெளியை எண்ணெயால் தானே நிரப்பிக்கொள்ளும் டேப்பெட். அடுத்து வந்த வேனகனிலும் 1983 வரை அதே என்ஜின். அதற்குப் பின் வந்த 1.9, 2.1 லிட்டர் வாட்டர் கூல்டு என்ஜின்களிலும் ஹைட்ராலிக்தான். இனி டேப்பெட் செட்டிங்கே (வால்வு இடைவெளி வைப்பது) பார்க்க வேண்டாம் என்பது இதன் பெருமை. ஆனால் வால்வுகள் இருக்கிற ஹெட்டைக் கழற்றி மாட்டினால் ஒரு தடவையாவது வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு தடவை ஸ்க்ரூவை எத்தனை சுற்று முறுக்குவது என்பதில்தான் இத்தனை சண்டை.

செய்முறையில் தகராறு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டர் விளிம்பில் உள்ள வெட்டுக்கு நேராக வரும்வரை புல்லியைச் சுற்றினால் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும். வால்வைத் தள்ளித் திறக்கிற ராக்கர் ஆர்மின் முனையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, வால்வு தண்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து எத்தனை சுற்று உள்ளே முறுக்குவது என்பதுதான் கேள்வி. முறுக்கி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, புல்லியை ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று திருப்பி 4, 3, 2 என்ற வரிசையில் மற்ற சிலிண்டர்களுக்குப் போக வேண்டும்.

பூஜ்யம் கண்டுபிடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள புஷ் ராடை விரலால் உருட்டி, உருள்வது நின்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வார்கள். லிஃப்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மிகவும் மெத்து. எண்ணெய் வடிந்த லிஃப்டரில் முக்கால் சுற்று உள்ளே போன பிறகும் ராடு உருளும். ராக்கர் ஆர்மைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டிக்' என்ற ஆட்டம் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அதுதான் பூஜ்யம்.

இரண்டு சுற்று என்பது கம்பெனி மேனுவல் வழி. ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ சுமார் 1 மி.மீ. நகரும். இரண்டு சுற்றில் லிஃப்டர் பிளஞ்சர் (உள்ளே நகரும் குட்டி பிஸ்டன்) தன் ஓட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்து நிற்கும். கேமும் ராக்கரும் தேய்ந்தால் ஒரு பக்கம் இடம் இருக்கிறது. வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்தால் மறுபக்கம் இடம் இருக்கிறது. என்ஜின் சூடாகும்போது ஹெட்டும் சிலிண்டரும் விரிகிற அளவு வேறு, புஷ் ராடு நீள்கிற அளவு வேறு. அந்த வித்தியாசத்தையும் இது தாங்கும்.

இதில் ஒரு பயம் உண்டு, நானே அனுபவித்தது. நண்பரின் 1982 வேனில் எட்டு வால்வையும் மடமடவென்று இரண்டு சுற்று இறுக்கிவிட்டு உடனே சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் விர்ரென்று சுற்றியது, கம்ப்ரஷன் துளிகூட இல்லை. ஏதோ உடைத்துவிட்டோம் என்று கை நடுங்கியது. விஷயம் இவ்வளவுதான்: எண்ணெய் நிறைந்த லிஃப்டர் உடனே அமுங்காது, அதனால் அது வால்வைத் திறந்தே பிடித்திருந்தது. டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து திருப்பினேன், சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நான்தான் எல்லாரிடமும் "அவசரப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரைச் சுற்றுக் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்ஜினை அதிக வேகத்தில் விரட்டும்போது வால்வு கேமைவிட்டு மிதந்தால் லிஃப்டர் அந்த இடைவெளியை எண்ணெயால் நிரப்பி உப்பிவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாது. அரைச் சுற்றுதான் வைத்திருக்கிறோம் என்றால் உப்பவும் அவ்வளவுதான் முடியும். ரேஸ் என்ஜினுக்கு இந்த வாதம் சரி. மேட்டில் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே ஏறுகிற 70 குதிரைசக்தி வேனுக்கு இது எதற்கு? தேய்மானம் கொஞ்சம் கூடினாலே அரைச் சுற்று தீர்ந்து, சத்தம் வந்துவிடும். ஒன்றரைச் சுற்று வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கிற டக் டக் சத்தத்துக்காக யாரும் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். ராத்திரி முழுக்க வால்வு திறந்து நின்ற லிஃப்டரிலிருந்து ஸ்பிரிங் எண்ணெயைப் பிழிந்து வெளியேற்றியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் அடங்கும். அடங்காவிட்டால் முதலில் எண்ணெய் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள். அப்புறம்தான் லிஃப்டர் மேல் சந்தேகம்.

மூன்றாவது வழி, ஹைட்ராலிக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு எண்ணெய் வேலை இல்லாத பழைய சாலிட் டேப்பெட்டுக்கு மாறுவது. இன்டேக்குக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மி.மீ. என்று ஆறிய என்ஜினில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்க்க வேண்டும். ஓட ஓட மறுபடி மறுபடி வேனுக்கு அடியில் படுக்க வேண்டும். வால்வு மூடியின் கம்பியை நெம்பியதும் முழங்கை வழியாக எண்ணெய் வழியும். கேமும் டேப்பெட்டும் ஜோடி என்பதால் செலவும் சேரும். வேறு காரணத்துக்காக என்ஜினை ஏற்கனவே பிரித்திருந்தால் யோசிக்கலாம். இதற்காகவே பிரிப்பது வீண்.

ஆனாலும் சாலிட்காரர்களின் ஒரு வாதத்துக்கு மட்டும் எனக்கு நெடுநாள் பதில் தெரியவில்லை. ஏர் கூல்டு என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு வெப்பத்தில் நீண்டு, தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் என்ஜின் காலி. நீளத் தொடங்கிய வால்வு சாலிட் செட்டப்பில் கேஜுக்கு மாட்டிக்கொள்ளும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹைட்ராலிக்கோ அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

இப்போது நான் செய்வது இது. இரண்டு சுற்றுதான் வைக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை லாக் நட்டைத் தளர்த்தி, பூஜ்யம் வரும்வரை எத்தனை சுற்று பின்னால் வருகிறது என்று எண்ணி எழுதிவைக்கிறேன். பின்னால் எடுத்ததும் உடனே எண்ணக் கூடாது, பிளஞ்சர் மேலே எழும்ப நேரம் கொடுக்க வேண்டும். போன வருஷம் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் இரண்டு சுற்று, இந்த வருஷம் இரண்டேகால். மற்ற ஏழும் அசையவில்லை. அந்த ஒரு வால்வு நீளத் தொடங்கிவிட்டது என்று சந்தேகம். அந்த ஹெட்டைக் கழற்ற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.