எம்ஆர்என்ஏவா, கோவிஷீல்டா? பால் குளிர வைக்கிறவன் பார்வையில்

2021 ஏப்ரலில் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி என்றதும் சிங்கப்பூர் அக்கா கூப்பிட்டு, "அவசரப்படாதே சாமி, நான் ஃபைசர்தான் போட்டேன், அங்கேயும் வரும், பொறு" என்றாள். நான் பொறுக்கவில்லை, அந்தியூரில் வரிசையில் நின்று கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். அன்றைக்கு ஃபைசர் இந்தியாவில் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஃபைசர், மாடர்னா ஊசிகள் எம்ஆர்என்ஏ வகை, அதாவது ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பை ஆர்என்ஏ இழையாக உடம்புக்குள் அனுப்புவது. கோவிஷீல்டு அந்தப் புரதத்துக்கான குறிப்பைத் தீங்கு செய்யாத வேறொரு வைரஸில் ஏற்றி அனுப்புவது. இரண்டும் உடம்புக்கு அடையாளம் காட்டுவது கொரோனா வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் அதே முள் புரதத்தைத்தான். "ஏனுங்க, அந்த ஊசி போட்டா மரபணுவே மாறிருமாமுங்களே" என்று பால் ஊற்ற வருகிறவர் கேட்டார். மாறாது. எம்ஆர்என்ஏ, மரபணு இருக்கிற செல்லின் கருவுக்குள்ளேயே போவதில்லை, சில நாளில் சிதைந்துவிடும்.

பக்கவிளைவு இரண்டிலும் உண்டு, இரண்டிலும் அபூர்வம். எம்ஆர்என்ஏவில் இதயத் தசை அழற்சி, பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, இரண்டாம் ஊசிக்குப் பிறகு. கோவிஷீல்டு வகையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, அதோடு குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைவது. எங்கள் வீட்டில் எம்ஆர்என்ஏ போட்டது அக்கா ஒருத்திதான், இரண்டு நாள் கை வலித்தது என்றாள், அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நான் கோவிஷீல்டு பக்கம் சாய்வதற்குக் காரணம் குளிர்தான். பால் குளிரூட்டும் தொட்டி வைத்துப் பிழைக்கிறவன் நான். பாலை 4 டிகிரியில் நிறுத்தவே, கரண்ட் போனால் ஜெனரேட்டர், டீசல், ராத்திரி விழிப்பு என்று எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஃபைசருக்கு முதலில் கேட்ட குளிர் மைனஸ் 70, மாடர்னாவுக்கு மைனஸ் 20. ஆர்என்ஏ இழை லேசில் அறுந்துபோகும், அதனால்தான் இந்தக் கெடுபிடி. சாதாரணக் குளிர்ப்பெட்டியில் ஃபைசர் 5 நாள்தான் தாங்கும் என்றார்கள், 2021 மே மாதம்தான் அதை ஒரு மாதமாக நீட்டினார்கள். கோவிஷீல்டு 2 முதல் 8 டிகிரியில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கிடக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து பர்கூர் மலை ஏற்றி, தாமரைக்கரை தாண்டிக் கொண்டுபோகலாம். வழியில் கெட்டுப்போன பாலை மோந்தால் தெரிந்துவிடும், கெட்டுப்போன ஊசி மருந்தைக் கண்டுபிடிக்க மூக்கு உதவாது, போட்டுக்கொண்டவர் காப்பு வந்துவிட்டது என்று நம்பி ஊர் சுற்றுவார்.

அதற்காக எம்ஆர்என்ஏவை ஓரங்கட்டச் சொல்லவில்லை. வைரஸ் உருமாறினால் சீக்கிரம் மாற்றி எழுதலாம் என்பது அதன் பெரிய பலம். தோல் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கவும் சோதித்துப் பார்க்கிறார்கள். புனேயின் ஜென்னோவா நிறுவனம் செய்த எம்ஆர்என்ஏ ஊசியான ஜெம்கோவாக்-19, 2022-இல் அனுமதி வாங்கியது, அது 2 முதல் 8 டிகிரியிலேயே நிற்கும். அந்த மாதிரி ஒன்று 2021-இலேயே இருந்திருந்தால் என் சாய்வு மாறியிருக்கும். இப்படிப் பாதை தெரிகிற நேரத்தில், 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள 22 எம்ஆர்என்ஏ திட்டங்களை நிறுத்தியது எனக்கு வருத்தம்தான். அவ்வளவு குளிர் கேட்காத மருந்தை உருவாக்கவும் காசு வேண்டுமல்லவா? அது அதிகம் தேவைப்படுவது மைனஸ் 70 பெட்டி வாங்க முடிகிற ஊர்களுக்கு அல்ல, பர்கூருக்குத்தான்.