"புதுப் பேரல் மாட்டியது" என்று விற்கப்படும் எட்டிஸ்டோன் எம்1917: பணம் கட்டுமுன் படியுங்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள் வாங்க நினைப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. இணைய ஏலத்தில் ஓர் எம்1917, அதாவது முதல் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ரைஃபிள், விற்பனைக்கு வந்தது. "எட்டிஸ்டோன் 1918, புதுப் பேரல், ஹெட்ஸ்பேஸ் பார்த்தாயிற்று, போல்ட் எண் பொருந்துகிறது, சுடத் தயார்" என்று விளம்பரம். வாங்கியவர் அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுவந்ததும், ஒரு தோட்டாவும் ஏற்றுமுன் மரக் கட்டையைக் கழற்றிப் பார்த்தோம். ரிசீவரில், அதாவது பேரலும், தோட்டாவுக்குப் பின்னால் அடைக்கும் போல்ட்டும் பொருந்தும் எஃகு உடலில், விரிசல். பேரல், அதாவது குழல், வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றிய பழசு. ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் உள்ளே தோட்டா தட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அளவு தாண்டியிருந்தது. எட்டிஸ்டோன் என்பது மட்டும்தான் உண்மை.

முதலில் அந்தப் போல்ட் எண். அமெரிக்கத் தொழிற்சாலைகள் எம்1917-க்கு ரிசீவரில் மட்டுமே வரிசை எண் பொறித்தன, போல்ட்டில் பொறிக்கவில்லை. பின்னாளில் வேறு படைகள் கையில் போன துப்பாக்கிகளில் எண் சேர்ந்திருக்கலாம், ஆனால் அது தொழிற்சாலை எண் ஆகாது. "எண் பொருந்துகிறது" என்று சொல்லி ஒருவர் கூடுதல் விலை கேட்டால், மற்ற எதையும் நம்பாமல் பாருங்கள். இந்தத் துப்பாக்கியில் எண்ணை மின்பேனாவால் கிறுக்கியிருந்தார்கள், கோடுகளின் ஓரம் இன்னும் பளபளவென்று இருந்தது. அதேபோல, ஆண்டு ரிசீவரில் இருக்காது. முன் சைட்டுக்கு (குறிபார்க்கும் முனைக்கு) பின்னால் பேரலின் மேல்தான் தயாரித்தவரின் எழுத்தும், வெடிகுண்டு முத்திரையும், மாதமும் ஆண்டும் இருக்கும். பேரலை மாற்றிவிட்டு "1918" என்று விற்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

1917, 1918 ஆண்டுகளில் வின்செஸ்டர், இலியன் நகரத்து ரெமிங்டன், பென்சில்வேனியாவின் எட்டிஸ்டோன் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 22 லட்சம் எம்1917 செய்தார்கள். பாதிக்கு மேல் எட்டிஸ்டோன். எனவே சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுதான், பேரல் மாற்றும்போது அதிகம் கெடுவதும் அதுதான்.

காரணம் இது. எட்டிஸ்டோனில் பேரலை ரிசீவருக்குள் மிகக் கடுமையாக முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். பேரலின் தோள் (மரையை ஒட்டிய தடித்த விளிம்பு) ரிசீவரின் முகப்பில் பதிந்து, நூறாண்டாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதை வெறும் பலத்தால் திருகினால், மரை விடுவதற்குள் ரிசீவரின் முன்வளையம், அதாவது பேரல் திருகி ஏறும் முன்பக்கம், விரிசல் விட்டுவிடும். ரிசீவர்களின் வெப்பப் பதமும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு. எதுவானாலும் வேலை தெரிந்தவர் செய்யும் முறை ஒன்றுதான்: துப்பாக்கியை லேத்தில் ஏற்றி, ரிசீவர் முகப்பை ஒட்டி, அதைத் தொடாமல், பேரலின் தோளில் சுற்றிலும் ஒரு வெட்டுப் போடுவது. அந்த வெட்டோடு தோளின் அழுத்தம் போய்விடும். பிறகு பேரலை வைஸில் கட்டி, முன்வளையத்துக்குப் பொருந்தும் குறடால் ரிசீவரைப் பிடித்தால் நிதானமாகக் கழன்று வரும்.

வெட்டுப் போட்டால் பழைய பேரல் குப்பைக்குப் போகும். அங்கேதான் சிக்கல். எட்டிஸ்டோனின் அசல் "ஈ" முத்திரை உள்ள நல்ல பேரலுக்குத் தனியாக விலை உண்டு. அதைக் காப்பாற்ற நினைக்கும் பட்டறை வெட்டுப் போடாமல், குறட்டின் பிடியில் நீளக் குழாயைச் செருகித் தொங்குகிறது. இல்லையென்றால் ரிசீவரை கேஸ் தீயால் சூடாக்குகிறது. சூடு ஏறினால் எஃகின் பதம் போய்விடும், அது வெளியே தெரியாது. பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "கழற்றிய பழைய பேரலைக் காட்டுங்கள், அதில் வெட்டு இருக்கிறதா?" இந்தத் துப்பாக்கியின் பழைய பேரல் எங்கே என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

விரிசல் முடியின் தடிமன்கூட இருக்காது. இதில் முன்வளையத்தின் இடப்பக்கம், கட்டைக்குள் மறையும் இடத்தில், முகப்பு விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போனது. மேலே தடித்த கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். ராணுவத்தின் பழைய நீலமேற்றலோ பார்க்கரைஸ் என்ற பாஸ்பேட் படலமோ உலோகத்தோடு ஒட்டியது, நகத்தால் சுரண்டினால் வராது. இது சுரண்டியதும் துகளாக உதிர்ந்தது. ரிசீவர் மட்டும் புதிதாகவும் போல்ட்டும் டிரிகரைச் சுற்றிய காப்பு வளையமும் பழசாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சோதிக்க: பூச்சை முழுக்க எடுத்து, அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, சிவப்பு ஊடுருவு சாயத்தைத் தெளிக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை விட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும். பூச்சின் மேலேயே சாயம் அடித்தால் ஒன்றும் தெரியாது, அப்படி அடித்துவிட்டு "விரிசல் இல்லை" என்று எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். காந்தத் துகள் சோதனை இன்னும் நல்லது. இன்ஜின் ஹெட் பழுது பார்க்கும் பட்டறைகள் பலவற்றில் அந்தக் கருவி உண்டு. ரிசீவரைக் கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டி ஒலி கேட்பது பழைய வழக்கம். மங்கலாக ஒலித்தால் ஒதுக்கிவிடலாம், ஆனால் கணீரென்று ஒலிப்பதால் மட்டும் நல்லது என்று எடுக்கக் கூடாது.

இனி அந்தப் "புது" பேரல். அசல் எம்1917 பேரலின் உட்சுவரில் 5 காடி, இடப்பக்கம் சுழலும். இரண்டாம் உலகப் போரில் மாற்றுப் பேரல்கள் செய்தார்கள்; "எச்எஸ்" முத்திரை ஹை ஸ்டாண்டர்ட், "ஜேஏ" ஜான்சன் ஆட்டோமேட்டிக்ஸ். எச்எஸ்ஸில் 2 காடிப் பேரல்களும் உண்டு, அவை மட்டமானவை அல்ல, நன்றாகவே சுடும். இங்கே வந்தது 2 காடி எச்எஸ். பழையது என்று சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே சேம்பருக்கு (தோட்டா அமரும் அறைக்கு) முன்னால் சுற்றிலும் குழிக்குழியாகத் துரு. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எரிந்தால் உப்பு மிஞ்சும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்த பேரல்கள் இப்படித்தான் அரிக்கும். வாய் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவின் முனையைப் பேரல் வாயில் செருகுங்கள். குண்டு முழுவதும் இறங்கி பித்தளைக் கூட்டின் கழுத்து தட்டினால், பேரல் தேய்ந்துவிட்டது.

கழற்றிய பேரலை வேறு ரிசீவரில் ஏற்றும்போது முன் சைட் செங்குத்தாக வந்து நிற்கும் இடம் மாறும். இறுகுவதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டினால், தோள் உலோகத்தைக் கூட்ட வேண்டும். முறையாகச் செய்பவர் வேறு பேரல் எடுப்பார். இந்தப் பட்டறை தோளைச் சுத்தியால் தட்டிப் பிதுக்கியிருந்தது. தோளின் ஓரத்தில் வரிசையாக உளித்தடம், மேலே அதே கறுப்புப் பூச்சு. அப்படி இறுக்கியது நிலைக்காது, கொஞ்சம் சுட்டதும் தளரும். சரியான வழி, சேம்பரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு குறைவாக வெட்டிய புதுப் பேரலை வாங்கி, பேரலிலும் ரிசீவரிலும் உள்ள குறிக்கோடுகள் பொருந்தும்வரை இறுக்கி, பிறகு இழுவை ரீமர் என்ற சீவும் கருவியால் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் கேஜ் (ஹெட்ஸ்பேஸ் பார்க்கும் அளவுக்கட்டை) வைத்துப் பார்த்து முடிப்பது.

கேஜ் வைக்கும் முறையிலும் ஏமாற்று நடக்கிறது. எம்1917 போல்ட்டை மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும். அந்த விசையோடு மூடினால் கேஜ் தட்டுவது கைக்குத் தெரியாது. போல்ட்டிலிருந்து ஸ்டிரைக்கரையும் (பிரைமரைக் குத்தும் ஊசி) எக்ஸ்டிராக்டரையும் (கூட்டை இழுக்கும் கொக்கி) கழற்றிவிட்டு, இரண்டு விரலால் மட்டும் மூட வேண்டும். குறைந்த அளவுக்கான கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், அதைவிடச் சற்று நீளமான நோ-கோவில் மூடக் கூடாது. பழைய ராணுவத் துப்பாக்கி நோ-கோவில் மூடி, இன்னும் நீளமான ஃபீல்ட் கேஜில் மூடாமல் நின்றால் சிலர் சுடுவார்கள். புதுப் பேரல் என்று காசு வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இது ஃபீல்ட் கேஜிலேயே வழுக்கிக்கொண்டு மூடியது. ரசீதில் "ஹெட்ஸ்பேஸ் ஓகே" என்று மட்டும் எழுதியிருந்தார்கள், எந்த கேஜ் என்று இல்லை. கேஜின் பெயரும் அளவும் எழுதாத ரசீதை வாங்காதீர்கள். இந்த நிலையில் சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்து அறுந்துபோகும், வெப்பக் காற்று பின்னால் வரும்.

போகிறபோக்கில் இன்னும் இரண்டு. காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரோடு சேர்ந்த தகட்டு ஸ்பிரிங் உடைவது இந்த வகையில் சாதாரணம், மாற்றுப் பாகம் கிடைக்கும், அதற்காக வாங்காமல் விடவேண்டியதில்லை. பின்சைட்டின் இரு காதுகளையும் அரைத்து எடுத்திருந்தால் அது வேட்டைக்கு மாற்றிய துப்பாக்கி, ராணுவ நிலைக்குரிய விலை கொடுக்காதீர்கள்.

வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வந்து சேரும். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்பே, அந்தக் கடை மேசையில் கட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கையெழுத்துக்கு முன் நீங்கள் வேண்டாம் என்று மறுத்தால் வியாபாரி அதை விற்றவருக்கே திருப்பி அனுப்பலாம். கைக்கு மாறிய பிறகு "உள்ளது உள்ளபடி விற்றது" என்ற ஒரே வரியை வைத்துத் தப்பிக்கிறார்கள். இந்த விற்பனையாளரும் அதைத்தான் சொன்னார். ஏலப் பக்கத்தின் படங்களையும் "சுடத் தயார்" என்ற வரியையும் சேமித்து வைத்திருந்ததால்தான் கட்டண அட்டை நிறுவனத்திடம் முறையிட வழி இருந்தது.

விரிசல் விட்ட ரிசீவரை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், அந்த வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள எஃகின் பதத்தையும் கெடுக்கும். போல்ட், டிரிகர் தொகுதி, பின்சைட், கட்டை, வளையங்களைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு நல்ல விலை உண்டு. ரிசீவரைப் பொறுத்தவரை சட்டத்தின் பார்வையில் அதுதான் துப்பாக்கி. எனவே அதைக் குப்பையில் போடாமல், உரிமம் பெற்ற வியாபாரியிடம் கேட்டு, விதிப்படி கேஸ் தீயால் வெட்டித் துண்டாக்குங்கள்.