கவுண்டரா, மேஜையா? உயர்தர ஜப்பானிய உணவகத்தில் எங்கே உட்காரலாம்

உயர்தர ஜப்பானிய உணவகத்தில் இடம் பதிவு செய்யும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும்: செஃப்புக்கு எதிரே கவுண்டரா, தனி மேஜையா? இரண்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தபின், சுஷி என்றால் இனி கவுண்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மேஜையின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. முகம் பார்த்துப் பேசலாம், மெனுவில் வேண்டியதை மட்டும் கேட்கலாம், செலவும் கைக்குள் இருக்கும். கவுண்டரில் பெரும்பாலும் ஓமகாசேதான். என்ன தருவது, எந்த வரிசையில் தருவது என்பதெல்லாம் செஃப்பின் முடிவு. செலவு கூடும், நேரத்துக்குப் போய்விட வேண்டும், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. சரி, இவ்வளவு கெடுபிடிக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது?

செஃப்பின் கையிலிருந்து நம் வாய்க்கு வரும் நேரம் குறைகிறது. எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். நிகிரி என்பது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி. அதற்கான வினிகர் சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மேலே வைக்கும் மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. சோற்றை அழுத்திப் பிசையாமல், உள்ளே காற்று நிற்கும்படி இளக்கமாகப் பிடிப்பார்கள். வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரியும். சில நிமிடம் காத்திருந்தால் சோறு ஆறி இறுகிவிடும். சில சுஷிகளைச் சுற்றியிருக்கும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாள், சோற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மொறுமொறுப்பு போய் ரப்பர் மாதிரி இழுபடும். அப்போதுதான் துருவிய அசல் வாசாபியின், அதாவது காரமான பச்சைத் துருவலின், மணமும் நிமிடங்களில் இறங்கிவிடும். மேஜைக்கு ஒரே தட்டில் எட்டுத் துண்டு வந்தால் முதல் இரண்டு அருமையாக இருக்கும். பேச்சுக்கு நடுவே கடைசித் துண்டை எடுக்கும்போது அது வேறு பண்டம். கவுண்டரில் ஒவ்வொன்றாக, சோயா சாஸ் கலவையைத் தடவியே தருவார்கள். வாங்கியதும் கையாலேயே எடுத்து வாயில் போடலாம், தவறில்லை. 19ஆம் நூற்றாண்டில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், நிகிரி தெருக்கடையில் வாங்கி அங்கேயே சாப்பிட்ட பண்டம்தானே! பிடித்த கையோடு சாப்பிடுவதற்காகவே உருவானது.

மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்கும் இதே கணக்குதான். கரியில் சுட்டவை கொஞ்சம் தாங்கும். சஷிமி எனும் பச்சை மீன் துண்டுகள், வேகவைத்த காய்கள், மேஜையிலேயே கொதிக்கும் ஹாட்பாட் இவற்றுக்குக் கவுண்டர் தேவையே இல்லை. மூன்று பேருக்கு மேல் போனாலும் மேஜைதான் நல்லது. வரிசையாக உட்கார்ந்தால் இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்குக் கேட்காது.

பானங்களைப் பொறுத்தவரை, புளிப்பும் இனிப்புமான காக்டெய்லை நிகிரியோடு குடிக்காதீர்கள். வெள்ளை மீனின் மெல்லிய சுவை அதில் காணாமல் போய்விடும். சாப்பாட்டோடு அரிசி மதுவான சாகே, இல்லையென்றால் விஸ்கியும் சோடாவும் சேர்ந்த ஹைபால். சாப்பாட்டுக்கு முன் ஏதாவது வேண்டுமென்றால் ஷெரி, உலர் வெர்மூத் என்ற இரண்டு ஒயின் வகைகளைக் கலந்த பாம்பூ கேளுங்கள். ஜப்பானின் யோகோஹாமா நகரத்தோடு பேர் சேர்ந்த பழைய காக்டெய்ல் அது, போதையும் குறைவு. மற்ற காக்டெய்ல்களைச் சாப்பாடு முடிந்த பிறகு, பார் கவுண்டரிலேயே உட்கார்ந்து குடியுங்கள். குலுக்கி ஊற்றியதும் மேலே மிதக்கும் பனித்துகள் மேஜைக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்னால் கவுண்டரை உறுதியாகச் சொல்ல முடியாது. முழுச் சைவ ஓமகாசே நான் சாப்பிட்டதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: காய்கறிப் பண்டங்களில்கூட டாஷி சேரும், அது பெரும்பாலும் 'கொம்பு' என்ற கடற்பாசியோடு உலர்ந்த போனிட்டோ மீனையும் சேர்த்து இறக்கிய சாறு. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் மாற்று செய்ய அவர்களுக்கு நேரம் இருக்காது.

கவுண்டரில் இடம் கிடைக்காவிட்டால் மேஜையிலேயே சுஷியை இரண்டிரண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டம் அதிகமில்லாத நேரமாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.