செக்-இன் பெட்டிக்குள் ஏர்டேக்: சில வருட அனுபவம்

பெட்டி, சாவி போன்றவை எங்கே இருக்கின்றன என்று ஐபோனில் காட்டும் ஆப்பிளின் சிறு வில்லைதான் ஏர்டேக். அதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதில் ஜிபிஎஸ் கிடையாது என்பதைத்தான். அதன் ப்ளூடூத் சிக்னலை அந்தப் பக்கம் போகும் யாரோ ஒருவரின் ஐபோன் பிடித்து ஆப்பிளுக்குச் சொல்கிறது. அதுதான் நம் வரைபடத்தில் புள்ளியாகத் தெரிகிறது. ஏர்போர்ட்டில் ஐபோனுக்குப் பஞ்சமில்லை, அதனால் அங்கே நன்றாக வேலை செய்கிறது. பெட்டி விமானத்துக்குள் ஏறியபின் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். பதற வேண்டாம்.

சென்னையிலிருந்து ஐரோப்பா போனபோது, விமானம் மாறிய ஊரிலேயே என் பெட்டி தங்கிவிட்டது. இறங்கிப் போனைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பெல்ட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே பேக்கேஜ் கவுண்டருக்குப் போய், கூட்டம் சேருமுன் பிஐஆர் (பெட்டி வரவில்லை என்ற புகார்) பதிவு செய்துவிட்டேன். அங்கிருந்தவர் என் வரைபடத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. செக்-இன்போது தரும் ஸ்டிக்கரில் உள்ள 10 இலக்க எண்ணைத்தான் கேட்டார். நியாயம்தான், அவர்கள் கணினிக்குத் தெரிந்தது அந்த எண் மட்டுமே. பலர் அந்தத் துண்டைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் ஏர்டேக் மட்டும் இருந்து பெரிய பயனில்லை.

ஏர்டேக்கின் உண்மையான மதிப்பு மறுநாள் தெரிந்தது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றே இருந்தது. பெட்டியோ நான் தங்கியிருந்த ஊரின் ஏர்போர்ட்டுக்கே வந்துவிட்டிருந்தது. போன் செய்து சொன்னேன், போய்ப் பார்த்தார்கள், மாலையில் வீடு வந்தது. இப்போது இப்படிப் போன் செய்து சொல்லும் வேலையே குறைவு. 2024 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 18.2 (ஐபோனின் இயங்குதளம்) முதல், பெட்டி இருக்கும் இடத்தை ஒரு லிங்க்காக விமான நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஏழு நாளில் அது தானே காலாவதியாகும். எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வதேசப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி தாமதமானால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதமானால் 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இடையில் வாங்கிய துணிமணி, பிரஷ், பேஸ்ட் ரசீது எல்லாம் பத்திரம்.

பேட்டரி சிஆர்2032, சுமார் ஒரு வருடம் வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சுப் பூசியவை சில ஏர்டேக்கில் வேலை செய்யாது. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய சாதாரணக் காகிதம் ஒன்றையும் உள்ளே வைக்கிறேன். வெளியே கட்டும் டேக் அறுந்துபோனால் பெட்டியைத் திறப்பவருக்கு அதுதான் துப்பு.

ஒரே தொல்லை, பெட்டியை இரவல் கொடுத்தால்தான். அம்மாவும் அப்பாவும் ஊருக்கு எடுத்துப்போனபோது உள்ளிருந்து ஏதோ கீச்சிட்டது, அப்பாவின் ஆண்ட்ராய்டு போனிலோ "தெரியாத டிராக்கர் உங்களுடன் வருகிறது" என்று எச்சரிக்கை. என்னடா இது, வேவு பார்க்கிறாயா என்று போன் வந்தது. திருட்டுத்தனமாக யாரையும் பின்தொடராமலிருக்க வைத்த ஏற்பாடு அது, சரிதான். ஐஓஎஸ் 17 முதல் ஒரு ஏர்டேக்கை ஐந்து பேருடன் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அவர்களிடமும் ஐபோன் இருக்க வேண்டும். அப்பா போகும்போது நான் ஏர்டேக்கை வெளியே எடுத்துவிடுகிறேன்.