ஐந்து டை பாக்கு மட்டைத் தட்டு மெஷின்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் மூன்றாம் டையின், அதாவது மட்டையைச் சூடாக அழுத்தித் தட்டாக்கும் அச்சின், ஹீட்டரை மறுபடியும் மாற்றினேன். மெஷின் வாங்கி நான்கு வருடத்தில் இது நான்காவது ஹீட்டர், அதில் மூன்று இதே டைக்குத்தான். அன்றைக்குச் சாயங்காலமே பெத்தநாயக்கன்பாளையத்து நண்பர் போன் செய்து, "நானும் ஒண்ணு போடலாம்னு இருக்கேன், எப்படி ஓடுது?" என்றார். எரிச்சலில் ஏதோ பேசிவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

ஆயில் அழுத்தத்தில் டையை அழுத்தும் ஹைட்ராலிக் பக்கம் ஒரு ஆயில் சீல் தவிர எந்தச் செலவும் வைக்கவில்லை. தட்டைப் பற்றி எனக்குப் பெருமைதான். தானாக விழுந்த மட்டை, தண்ணீர், சூடு, அழுத்தம், அவ்வளவுதான். பசையும் இல்லை, பூச்சும் இல்லை. கொதிக்கிற சாம்பார் ஊற்றினாலும் தளராது. வெட்டி மிஞ்சும் ஓரம்கூட எங்கள் வெந்நீர் அடுப்புக்கு ஆகிறது.

கோளாறு சூட்டில்தான். ஐந்து டைக்கும் மீட்டர் ஒரே அளவைக் காட்டும், ஆனால் மூன்றாம் டை அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. அதில் வரும் தட்டும் பார்க்க மற்றதைப் போலவே இருக்கும், மட்டை தடிமனாக இருக்கும் நடுப்பகுதியில் மட்டும் ஈரம் நின்றுவிடும். கட்டுக் கட்டி வைத்தால் பத்து நாளில் பூஞ்சணம், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் தாங்காது. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் கட்டைப் பிரித்தபோது தட்டெல்லாம் கறுப்புப் புள்ளி. அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு வாழையிலை வாங்க ஆள் அனுப்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எந்த டை என்று தெரியவே ஆறு மாதம் ஆனது. தட்டின் அடியில் பென்சிலால் டை எண்ணை எழுதச் சொன்னது என் மனைவி. பூத்த தட்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் 3. விற்றவரோ, "மட்டையில ஈரம் சார், தட்டை வெயில்ல காய வைங்க" என்கிறார். அடைமழையில் வெயிலுக்கு நான் எங்கே போக? ஆனால் மட்டையைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை. கோடையிலேயே மட்டையை வாங்கி நன்றாகக் காயவைத்து அடுக்கிக்கொண்டால் தொல்லை குறைகிறது, அதற்குத் தனியாக ஒரு கொட்டகை வேண்டும்.

நண்பர் ஏற்றுமதி பற்றியும் கேட்டார். பாக்கு மட்டையில் இயற்கையாக உள்ள ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, இந்தத் தட்டுகளை விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அறிவித்துவிட்டது. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் இங்கே பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை வந்ததை நம்பித்தான் நானும் இறங்கினேன், உள்ளூர் ஆர்டரில்தான் வண்டி ஓடுகிறது.

வாங்கலாமா என்றால், கொட்டகை போடும்வரை வேண்டாம் என்றுதான் சொல்வேன். இல்லை, வாங்கியே ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் மெஷினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மீட்டரை நம்பாமல் ஒவ்வொரு டையின் சூட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.